அறியாததற்குப் பெயரிடுதல்: வேகக் கணக்குகளும் அல்-ஜப்ரும்

300 கி.மீ. இடைவெளியுள்ள இரு ஊர்களிலிருந்து இரு இரயில்கள் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று நோக்கிப் புறப்படுகின்றன. ஒன்றின் வேகம் மணிக்கு 60 கி.மீ.; மற்றதன் வேகம் மணிக்கு 40 கி.மீ. அவை எப்போது சந்திக்கும்?

பள்ளிக்கூடத்தைக் கடந்து வந்த எவரும் இந்தக் கணக்கை ஏதேனும் ஒரு வடிவில் செய்திருப்பர். வேகங்களைக் கூட்டினால் 100. முந்நூற்றை நூறால் வகுத்தால் மூன்று மணி நேரம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வகுப்பில் இதனைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பியபோது, பின்வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து, "நடுவில் எந்த ஸ்டேஷனிலும் நிற்காதா, சார்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "கணக்கில் உள்ளதை மட்டும் பார், தம்பி" என்றேன். அவன் உட்கார்ந்துகொண்டான். அந்தப் பதில் தவறு என்பது எனக்கு விளங்க நெடுநாள் ஆயிற்று. இக்கட்டுரை ஒருவகையில் அவனுக்குத் தரவேண்டியிருந்த பதிலே.

வார்த்தைக் கணக்கும் ஓர் எழுத்து வகைதான் என்றால் நகைப்போர் உண்டு. ஆனால் கவிதையையும் கதையையும் திறனாயும் நாம், கோடிக்கணக்கான பிள்ளைகள் கட்டாயமாகப் படிக்கும் இந்தச் சிறு உரைநடையை ஒருபோதும் திறனாய்வுக்கு உட்படுத்தியதில்லை. அதற்கென மரபு உண்டு, பாத்திரங்கள் உண்டு, சொல்லப்படாத உடன்படிக்கையும் உண்டு. இரயில் நிற்காது, நீரோட்டம் மாறாது, நடப்பவர் களைப்படையார் என்பதே அவ்வுடன்படிக்கை. சீரான வேகம் என்னும் அந்த எடுகோள் பெரும்பாலான பாடநூற் கணக்குகளில் எழுதப்படுவதே இல்லை. அந்தச் சிறுவன் கணக்கைப் புரிந்துகொள்ளாதவன் அல்லன். எழுதப்படாத வரியைத் தேடியவன்.

இவ்வகைக் கணக்கின் வரலாறு நீண்டது. 499இல் இயற்றப்பட்ட ஆரியபட்டீயத்தின் கணிதப் பகுதியில், இரு கோள்கள் சந்திக்கும் காலத்தைக் காணும் விதி ஒன்று உண்டு. எதிரெதிராகச் செல்வனவாயின் இடைத்தொலைவை வேகங்களின் கூட்டுத்தொகையாலும், ஒரே திசையில் செல்வனவாயின் வேகங்களின் வேறுபாட்டாலும் வகுக்கவேண்டும். பெஷாவருக்கு அருகே பக்ஷாலி என்னும் ஊரில் 1881ஆம் ஆண்டு மண்ணிலிருந்து கிடைத்த பூர்ஜமரப்பட்டைச் சுவடி இன்று ஆக்ஸ்ஃபோர்டில் உள்ளது. அதன் காலம் குறித்து அறிஞரிடையே இன்றும் இணக்கமில்லை. அதில் நாள்தோறும் நடையைக் கூட்டிக்கொண்டே செல்லும் பயணிகளின் கணக்கு வருகிறது. அவ்வகையில் நாமே ஒன்றை அமைத்துப் பார்க்கலாம். ஒருவர் நாளொன்றுக்குப் பத்து மைல் நடக்கிறார். மற்றவர் முதல் நாள் ஒரு மைல், இரண்டாம் நாள் இரண்டு மைல், மூன்றாம் நாள் மூன்று மைல் என நடக்கிறார். இருவரும் ஒன்றாகப் புறப்பட்டால் எப்போது மீண்டும் சேர்வர்? பத்தொன்பதாம் நாள் முடிவில். அப்போது இருவரும் 190 மைல் கடந்திருப்பர். வேகம் மாறக்கூடியது என்பதைப் பழைய ஆசிரியர்கள் மறைக்கவில்லை. மாறாத வேகம் அவர்களிடம் பல கதைகளுள் ஒன்று. நம் பாடநூல்களில் அது ஒன்றே கதை.

ஹாரூன் ரஷீதின் காலத்தவரான அல்குவின் தொகுத்ததாகக் கூறப்படும் இலத்தீன் புதிர்க் கணக்குகளில் நாயும் முயலும் வருகின்றன. முயல் 150 அடி முன்னே இருக்கிறது. அது 7 அடி தாவும் ஒவ்வொரு தாவலுக்கும் நாய் 9 அடி தாவுகிறது. 75 தாவல்களில் நாய் முயலைப் பிடித்துவிடும். இதில் நேரம் என்ற சொல்லே இல்லை, தாவலே கடிகாரம். இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. யூக்ளிடின் ஐந்தாம் நூல், விகிதம் என்பது ஒரே இனத்தைச் சேர்ந்த இரு அளவுகளுக்கு இடையில் மட்டுமே அமையும் என வரையறுக்கிறது. தொலைவை நேரத்தால் வகுத்து அதற்கு வேகம் எனப் பெயரிடுவது அம்மரபுக்கு அந்நியமானது. ஆகவேதான் பழைய கணக்குகள், "மணிக்கு இவ்வளவு" என்னும் கூட்டு அலகைத் தவிர்த்து, "நாளொன்றுக்கு இத்தனை ஃபர்ஸக்" என ஒரு நாளின் பங்காகவே வேகத்தைச் சொல்கின்றன. இன்று நாம் எளிதென எண்ணிப் பத்து வயதுப் பிள்ளையிடம் தரும் 'வேகம் = தொலைவு ÷ காலம்' என்பதைச் சென்றடைய மனிதச் சிந்தனைக்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. பிள்ளை தடுமாறினால் சினப்பதில் பொருளில்லை.

இனி அல்-குவாரிஸ்மிக்கு வருவோம். மஃமூனின் ஆட்சிக்காலத்தில் (813–833) பாக்தாதில் எழுதப்பட்ட அவருடைய 'அல்-ஜப்ர் வல்-முகாபலா' நூலைப் பற்றி நம் மேடைகளில் பேசப்படும் அளவுக்கு, அந்நூலில் உள்ளதென்ன என்பது பேசப்படுவதில்லை. அல்ஜீப்ரா என்ற சொல்லையும் அல்காரிதம் என்ற சொல்லையும் தந்தவர் என்பதோடு நம் பெருமிதம் நின்றுவிடுகிறது. அந்நூலில் குறியீடு ஒன்றுகூட இல்லை. எண்களும் சொற்களாகவே எழுதப்பட்டுள்ளன. நூலின் பாதியளவு வாரிசுரிமைப் பங்கீட்டுக்கும் மரண சாசனங்களுக்கும் உரியது. வணிகமும் நில அளவையும் எஞ்சிய பகுதிகளில் வருகின்றன. அஞ்சற்காரரும் பயணிகளும் அங்கே முதன்மை பெறவில்லை. எனவே வேகக் கணக்கை அவர் கண்டுபிடித்தார் என்று யாரேனும் எழுதினால் அது வீண் புகழ்ச்சி. அந்தப் பெருமை இந்தியருக்கும் உண்டு, வேறு பலருக்கும் உண்டு. அவர் தந்தது வேறொன்று, அதுவே பெரிது. எந்தக் கதையாக இருந்தாலும் அதனை ஆறு வகைச் சமன்பாடுகளுள் ஒன்றாகக் கொண்டுவந்து நிறுத்தலாம் என்னும் ஒழுங்கு அது.

அந்த ஒழுங்கின் முதற்படி, அறியாததற்குப் பெயரிடுவது. அரபு நூல்கள் அதனை 'ஷய்' என்றன. பொருள் என்பதே அதன் பொருள். இலத்தீனில் அது 'ரெஸ்' ஆயிற்று. இத்தாலிய மொழியில் 'கோஸா' ஆயிற்று. ஜெர்மானியர் இக்கலைக்கே 'கோஸ்' எனப் பெயரிட்டனர். (இந்த 'ஷய்' ஸ்பெயின் வழியாகச் சென்று 'எக்ஸ்' ஆனது என்ற செய்தி நம் இதழ்களில் அடிக்கடி வருகிறது. கேட்க இனிமையாயிருப்பினும் அதற்கு ஆதாரமில்லை. அறியாததற்கு எக்ஸ், ஒய், இசட் என்னும் எழுத்துகளை ஆளும் வழக்கம் தெகார்த் 1637இல் வெளியிட்ட வடிவியல் நூலால் நிலைபெற்றது.)

பெயரிடுதல் என்பது வெறும் சடங்கன்று. ஓர் எடுத்துக்காட்டு. அஞ்சற்காரர் ஒருவர் நாளொன்றுக்கு 6 ஃபர்ஸக் செல்கிறார். அவர் புறப்பட்ட மூன்று நாள்களுக்குப் பின் மற்றொருவர் அதே வழியில் நாளொன்றுக்கு 8 ஃபர்ஸக் வீதம் புறப்படுகிறார். எப்போது எட்டிப் பிடிப்பார்?

பின்னவர் நடந்த நாள்களுக்குப் 'பொருள்' எனப் பெயரிடுவோம். அவர் கடந்தது எட்டுப் பொருள். முன்னவர் கடந்தது ஆறு பொருளும் பதினெட்டும். இரண்டும் சமம். இருபுறத்திலும் உள்ள ஆறு பொருளை எதிரெதிரே வைத்து நீக்கினால், இரண்டு பொருள் பதினெட்டுக்குச் சமம், பொருள் ஒன்பது. இந்த எதிர்நிறுத்தி நீக்குதலே முகாபலா.

இப்போது பெயரை மாற்றுவோம். முன்னவர் நடந்த நாள்களைப் 'பொருள்' என்போம். அவர் கடந்தது ஆறு பொருள். பின்னவர் மூன்று நாள் குறைவாக நடந்தவராகையால், அவர் கடந்தது இருபத்து நான்கு குறைந்த எட்டுப் பொருள். இங்கே ஒரு புறம் குறைபட்டு நிற்கிறது. அக்குறையை நிறைவு செய்து, அதே இருபத்து நான்கை மறுபுறத்திலும் சேர்க்கவேண்டும். முறிந்ததைப் பொருத்துவது என்னும் பொருளுடைய 'ஜப்ர்' என்பது இதுவே. எலும்பு முறிவைச் சரிசெய்வதற்கும் அதே சொல் வழங்கியது. இனி ஆறு பொருளும் இருபத்து நான்கும் எட்டுப் பொருளுக்குச் சமம்; முகாபலா செய்தால் பொருள் பன்னிரண்டு. சந்திப்பு அதே இடத்தில்தான், 72ஆம் ஃபர்ஸகில். ஆனால் முதற்பெயர் முகாபலாவோடு முடிந்தது. இரண்டாம் பெயர் ஜப்ரையும் கேட்டது. எதனை அறியாதது எனக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்துக் கணக்கின் பாதை மாறுகிறது. இந்தத் தெரிவை மாணவரிடம் விட்டுவிடும் பாடநூலை நான் கண்டதில்லை. 'எக்ஸ் என்க' என்று நூலே தொடங்கிவிடுகிறது. சிந்திக்கவேண்டிய ஓரிடம் அங்கேயே முடிந்துபோகிறது.

தொலைவு, காலம், வேகம் ஆகிய மூன்றில் எதை நிலையாகக் கொள்வது என்னும் வினா நம் ஃபிக்ஹ் நூல்களில் மிகக் கூர்மையாக எழுப்பப்பட்டுள்ளது. கணித ஆசிரியர்கள் இதனைக் கவனிக்காதது வியப்பு. பயணத்தில் தொழுகையைச் சுருக்குவதற்கான குறைந்த அளவு எது? ஷாஃபிஈ மத்ஹபில் அது தொலைவு: நான்கு பரீத், அதாவது 16 ஃபர்ஸக், அதாவது 48 மைல், இரண்டு நாள் பயணம் எனவும் அது விளக்கப்படும். கிலோமீட்டரில் இன்றைய நூல்கள் 80க்கும் 90க்கும் இடையில் பலவாறு கணக்கிடுகின்றன. ஹனஃபீ மத்ஹபில் அடிப்படை காலம்: ஒட்டகத்தின் அல்லது கால்நடையின் நடுத்தர வேகத்தில் மூன்று நாள் பயணம். மலைப்பாதையாயின் அப்பாதைக்கு ஏற்ற நடை. கடலாயின் மிதமான காற்று. பிற்கால ஹனஃபீ அறிஞர்கள் இதனை ஃபர்ஸகுகளாக மாற்ற முற்பட்டபோது 15, 18, 21 என மூன்று விடைகள் எழுந்தன. அது குழப்பமன்று, காலத்தை நிலையாகக் கொண்டு வேகத்தை நிலத்திற்கேற்ப விட்டால் தொலைவு ஒன்றாக இருக்கமுடியாது என்பதன் நேரான விளைவு.

ஷாஃபிஈ தரப்பில் ஹிஜ்ரி 676இல் (1277) மறைந்த இமாம் நவவீ தம் 'மின்ஹாஜ்' நூலில் ஒரு நுட்பத்தைச் சேர்க்கிறார். கடல்வழியில் அத்தனை மைல்களையும் சிறு பொழுதிலேயே ஒருவர் கடந்துவிட்டாலும் சலுகை அவருக்கு உண்டு என்பது அவர் முடிவு. விரைவூர்தி ஏதுமில்லாத காலத்தில் எழுதப்பட்டது இது. தொலைவை மாறிலியாகக் கொண்டவர் வேகம் எவ்வளவு கூடினாலும் தம் வரையறையிலிருந்து வழுவக்கூடாது என்னும் தருக்கத்தை அவர் கடைசிவரை கொண்டு செல்கிறார். எது மாறிலி, எது மாறி என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, அதன் விளைவை ஏற்றுக்கொள்ளும் இந்த ஒழுக்கமே வேகக் கணக்கின் உயிர். மத்ரஸாவில் ஒரு பாடமாகவும் பள்ளியில் வேறொரு பாடமாகவும் இவற்றைப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றே என்று யாரும் சொல்வதில்லை.

எதிர்விடைகளைப் பாடநூல்கள் நடத்தும் விதமும் குறை கூறத்தக்கது. முன்சொன்ன கணக்கில் பின்னவரின் வேகம் 8க்குப் பதில் 5 என வைத்துக்கொள்வோம். விடை −18 நாள் என வரும். 'காலம் குறைஎண்ணாக இருக்கமுடியாது. ஆகவே தள்ளுக' என்பது வழிகாட்டி நூல்களின் வாய்பாடு. ஆரியபட்டரின் விதி இவ்வாறு சொல்லவில்லை. கிடைக்கும் காலம் கடந்துபோன சந்திப்புக்கோ வரப்போகும் சந்திப்புக்கோ உரியதாகலாம் என அவர் இரண்டையும் ஏற்கிறார். கோள்கள் எந்த ஊரிலிருந்தும் புறப்படுவதில்லை. அவை எப்போதும் வழியிலேயே உள்ளன. எனவே அவற்றுக்குக் கடந்தகாலச் சந்திப்பு மெய்யானது. நம் அஞ்சற்காரர்களுக்கும் −18 ஒரு செய்தியைச் சொல்கிறது: இவர்கள் முன்பிருந்தே அவ்வழியில் நடந்துவந்திருந்தால், பின்னவர் இந்நகரை அடைவதற்குப் பதினெட்டு நாள்களுக்கு முன், நகருக்கு 90 ஃபர்ஸக் பின்னே ஒன்றாயிருந்திருப்பர். அவ்விடையை நாம் தள்ளுவது காலம் குறைஎண் ஆகாது என்பதால் அன்று. அவர்கள் அன்று வழியில் இல்லை என்பதால். காரணம் எண்ணில் இல்லை, கதையில் இருக்கிறது.

இருபடிச் சமன்பாடு வரும் இடத்தில் இது இன்னும் அழகாகத் துலங்கும். ஒருவர் 48 மைல் தொலைவைக் கடக்கிறார். நாளொன்றுக்கு 4 மைல் கூடுதலாக நடந்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். அவர் நாளொன்றுக்கு எத்தனை மைல் நடந்தார்? அந்த அளவைப் பொருள் என்போம். சமன்பாட்டைச் சுருக்கினால், பொருளின் வர்க்கமும் நான்கு பொருளும் சேர்ந்து 192க்குச் சமம் என வரும். இது அல்-குவாரிஸ்மியின் ஆறு வகைகளுள் நான்காவது; வர்க்கமும் பத்து மூலமும் 39க்குச் சமம் என்னும் அவருடைய புகழ்பெற்ற எடுத்துக்காட்டு இவ்வகையினதே. அவர் வழிப்படி, மூலங்களின் எண்ணிக்கையில் பாதி 2. அதன் வர்க்கம் 4. அதனை 192உடன் கூட்ட 196. அதன் வர்க்கமூலம் 14. அதிலிருந்து 2 கழிய 12. நாளொன்றுக்கு 12 மைல் என்றால் நான்கு நாள். 16 மைல் என்றால் மூன்று நாள். கணக்கு நேராயிற்று.

அல்-குவாரிஸ்மி இங்கே நின்றுவிடுவார். குறைஎண் மூலங்களை அவர் ஏற்பதில்லை. வரைபடத்தில் சதுரத்தின் பக்கமாகக் காட்டக்கூடியதையே அவர் விடையாகக் கொண்டார். இன்றைய முறை −16 என்னும் இன்னொரு விடையையும் தருகிறது. பாடநூல் அதனை ஒரு கோட்டால் அடித்துவிடும். சற்றுப் பொறுத்துப் பார்த்தால், 16 என்னும் எண் நமக்குப் புதியதன்று என்பது தெரியும். கூடுதலாக நடந்திருந்தால் அவர் நடந்திருக்கக்கூடிய மைல் அது. நாளொன்றுக்கு 16 மைல் நடக்கும் ஒருவர் 4 மைல் குறைத்து நடந்தால் ஒரு நாள் கூடுதலாகும் என்னும் கணக்கை எழுதினால் அதற்கு இதுவே விடை. தள்ளப்பட்ட மூலம் பிழையன்று. அதே கதையை மறுமுனையிலிருந்து சொல்கிறது. இதனை ஒரு வகுப்பில் சொன்னபோது, அதுவரை கணக்கை வெறுத்திருந்த சிலர் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கண்டிருக்கிறேன்.

போட்டித் தேர்வுக்கான வழிகாட்டி நூல்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முக்கோணம் ஒன்றை வரைந்து, வேண்டியதை விரலால் மறை என்பது அவற்றின் கலை. போகும்போது மணிக்கு 40 கி.மீ., வரும்போது 60 கி.மீ. என்றால் சராசரி 50 அன்று, 48 என்பதற்கு ஒரு குறுக்குச் சூத்திரம் தருகின்றன. ஏன் 48 என்பதற்கு விளக்கமில்லை: 120 கி.மீ. வழியாயின் போக 3 மணி, வர 2 மணி. மெதுவான ஓட்டத்தில் அதிக நேரம் கழிந்ததால் சராசரி அதன்பக்கம் சாய்கிறது. இதை உணராத மாணவர், பாதி நேரம் 40 வீதமும் பாதி நேரம் 60 வீதமும் சென்றவருக்கும் 48 என்றே எழுதுவார். அங்கே 50தான் சரி. தேர்வில் ஒரு மதிப்பெண் போவது சிறிது; இரண்டு சூழல்கள் வேறு என்பது கண்ணில் படாமலே போவது பெரிது.

அவற்றிலும் நல்ல கணக்கு இல்லாமலில்லை. 120 மீட்டர் நீளமுள்ள இரயில், மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் 180 மீட்டர் நடைமேடையைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்பது அவற்றுள் ஒன்று. நொடிக்கு 20 மீட்டர், கடக்கவேண்டியது 300 மீட்டர், 15 நொடி. இரயிலின் நீளமும் தொலைவில் சேர்கிறது என்பதை முக்கோணம் சொல்லாது. நடைமேடையில் நின்று, கடைசிப் பெட்டி வெளியேறும்வரை மனக்கண்ணால் பார்த்தவருக்கே அது தோன்றும்.

அந்தப் பின்வரிசைச் சிறுவனை அடுத்த வாரம் கரும்பலகைக்கு அழைத்தேன். அவன் கேள்வியையே கணக்காக எழுதச் சொன்னேன். 300 கி.மீ. வழியில் ஆறு நிலையங்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் என்று அவனே வைத்துக்கொண்டான். ஓடும்போது மணிக்கு 60 கி.மீ.; ஐந்து மணி நேரத்தோடு நிற்கும் அரை மணி நேரத்தைக் கூட்டி, முந்நூறை ஐந்தரையால் வகுத்தான். மணிக்கு ஐம்பத்து நான்கரைக்குச் சற்று மேல் வந்தது. சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுப் போகிறவன் போலத் திரும்பி, "நிற்கும்போது வேகம் ஒரேயடியாக அறுபதிலிருந்து பூஜ்யம் ஆகிவிடாதே, சார்; கொஞ்சம் கொஞ்சமாகத்தானே குறையும்?" என்றான். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. அதற்கு அல்-ஜப்ர் மட்டும் போதாது என்று சொன்னேன்.